பழைய எண்ணெய்க்கு யார் சாட்சி?

2025 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. பயன்படுத்திய சமையல் எண்ணெயைக் கொண்டு விமான எரிபொருள் தயாரிக்க அந்த ஆலைக்குத் தகுதி உண்டு என்று சொல்லும் ‘ஐஎஸ்சிசி கோர்சியா’ சான்றிதழ் அது. நாட்டில் இந்தச் சான்றைப் பெற்ற முதல் நிறுவனம் தாங்கள்தான் என்று இந்தியன் ஆயில் அறிவித்தது. ஆண்டுக்கு 35,000 டன் தயாரிப்பது திட்டம். சர்வதேச விமானங்களில் 2027-ல் 1%, 2028-ல் 2%, 2030-ல் 5% நிலைத்த விமான எரிபொருளைக் கலக்க வேண்டும் என்று இந்தியா இலக்கு வைத்திருப்பதால், இந்தச் சான்று அவசியமாகிவிட்டது. அதை வழங்கும் முறையை நடத்தும் அமைப்பு ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கிறது.

நல்ல தொடக்கம்தான். ஆனால், பானிபட் ஆலையின் வாசலுக்கு வரும் டேங்கர் லாரியில் இருப்பது உண்மையிலேயே பூரி பொரித்துக் கழித்த எண்ணெயா, அல்லது துறைமுகத்தில் வந்திறங்கிய புதுப் பாமாயிலா என்பது பானிபட்டில் முடிவாகும் விஷயம் அல்ல. பெங்களூரு போன்ற நகரங்களில், உணவகங்களின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டியை இறக்கும் இடத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தில் நம்மிடம் இன்று உருப்படியான சாட்சி இல்லை.

பயோடீசலையோ உயிரி விமான எரிபொருளையோ ஒரு குப்பியில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால், கார்பன்-14 சோதனை ஒன்றைச் சொல்லும்: இது நிலத்தடியிலிருந்து எடுத்த பெட்ரோலியமா, அண்மைக் காலத்தில் வளர்ந்த செடியிலிருந்து வந்ததா என்பதை. அதற்கு மேல் சொல்லாது. எந்த நாட்டில் விளைந்தது, காட்டை அழித்து நட்ட எண்ணெய்ப் பனையா, உழவர் கைக்கு என்ன விலை போனது, எண்ணெய் சட்டியில் காய்ந்ததா இல்லையா என்பதெல்லாம் எரிபொருளாக மாறிய கணமே கரைந்துபோகிறது. இந்தத் துறையில் பசுமை என்பது சரக்கில் இல்லை; சரக்கோடு வரும் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் பொய்யானால் பசுமையும் பொய். அதனால்தான், எரிபொருள் கைமாறும் ஒவ்வொரு இடத்தையும் பதிவுசெய்யும் விதிகளை உயிரி எரிபொருள் கொள்கையின் முதுகெலும்பாகவே பார்க்கிறேன்.

பெங்களூரின் ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ இருக்கும் ஒரு தர்ஷினி உணவகத்தின் சமையற்கட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். காலையில் பூரியும் உளுந்து வடையும், மாலையில் மிளகாய் பஜ்ஜியும் மங்களூர் போண்டாவும். ஒரே எண்ணெய் மீண்டும் மீண்டும் காயும்போது கருக்கிறது, கெட்டிப்படுகிறது, நுரை கட்டுகிறது. அதற்குள் உருவாகும் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயில் எதையும் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள விதி. நீண்ட முனையுள்ள கைக்கருவி ஒன்றைச் சூடான எண்ணெயில் முக்கினால் சில நொடிகளில் எண் தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10 அன்று ‘ரூகோ’ என்ற பெயரில், கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 2019 மார்ச் 1 முதல், பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் உணவகங்கள், வாங்கியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, யாரிடம் கொடுத்தது என்று பதிவேடு வைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

50 லிட்டர் என்றால் 15 கிலோ டின் கணக்கில் ஏறத்தாழ மூன்று டின். நடுத்தர உணவகங்கள் பலவும், தள்ளுவண்டிக்காரர்கள் அனைவரும் இந்த வரம்புக்குக் கீழே நின்றுவிடுகிறார்கள். வரம்புக்கு மேல் இருப்பவர்களின் பதிவேடும் ஒருவர் மேசையிலேயே தங்கிவிடுகிறது. உணவகத்தின் ஏடு ஒரு எண்ணைச் சொல்ல, சேகரிப்பாளரின் சீட்டு இன்னொன்றைச் சொல்ல, பயோடீசல் ஆலையின் கொள்முதல் கணக்கு மூன்றாவதைச் சொன்னால், மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் கடமை இல்லை. 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் கழித்த எண்ணெயிலிருந்து தயாரான பயோடீசலை 100 நகரங்களில் வாங்க முன்வந்தபோது, மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது: நாட்டில் ஆண்டுக்கு 2,700 கோடி லிட்டர் சமையல் எண்ணெய் செலவாகிறது, அதில் 140 கோடி லிட்டரை உணவகங்கள், விடுதிகள் போன்ற பெரும் பயனாளர்களிடமிருந்து திரட்டலாம், அதிலிருந்து 110 கோடி லிட்டர் பயோடீசல் கிடைக்கும். அதே அறிவிப்பில், கழித்த எண்ணெயைச் சேகரிக்க நிலைபெற்ற சங்கிலி எதுவும் அப்போது இல்லை என்றும் அரசே ஒப்புக்கொண்டிருந்தது.

பதிவில் வராத எண்ணெய் எங்கே போகிறது? ஒரு பங்கு சாக்கடையில். இன்னொரு பங்கு, பெரிய சமையற்கட்டிலிருந்து சிறிய கடைக்கு மலிவு விலையில் போய், மறுபடியும் அடுப்பேறி, நம் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் வழியில் வாங்கித் தின்னும் பஜ்ஜியாக வருகிறது. தடம் பற்றும் விதி ஐரோப்பியச் சந்தைக்காக மட்டும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரு டின் எண்ணெயின் பயணத்தை ஒழுங்காகப் பதிவுசெய்தால் முதலில் காப்பாற்றப்படுவது பெங்களூருக்காரரின் குடல்தான். கார்பன் கணக்கு பிறகு.

மறுபக்க ஆபத்தும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் கழிவு எண்ணெயிலிருந்து வரும் எரிபொருளை இலக்குக் கணக்கில் இரு மடங்காகக் காட்டிக்கொள்ளலாம். அதனால் பழைய எண்ணெய்க்குப் புது எண்ணெயைவிட மதிப்பு கூடிவிடும் காலங்கள் வருகின்றன. அப்போது புதுப் பாமாயிலைப் பழையது என்று எழுதி விற்பது லாபகரமான தொழிலாகிறது. 2019-ல் நெதர்லாந்தில் இத்தகைய பயோடீசல் மோசடி குறித்துக் குற்ற விசாரணையே நடந்தது. அதற்கு முன்பே, 2016-ல், ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் தன் சிறப்பு அறிக்கையில், கழிவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் எரிபொருள் உண்மையிலேயே கழிவிலிருந்துதான் வந்ததா என்பதை உறுதிப்படுத்தச் சான்றிதழ் முறைகளில் போதிய ஏற்பாடு இல்லை என்று எச்சரித்திருந்தது. 2023-ல் சீனாவிலிருந்து பயோடீசல் ஐரோப்பாவில் வந்து குவிந்தபோது அதன் மூலப்பொருள் பற்றிப் பலத்த சந்தேகம் எழுந்தது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி விலைக்கான பதில் மட்டுமே. மூலப்பொருள் பற்றிய கேள்வி தீரவில்லை.

அமெரிக்கக் கதை இன்னும் அப்பட்டமானது. அங்கே ஒவ்வொரு கேலன் உயிரி எரிபொருளுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. அந்த எண்ணைத் தனியாக விற்கலாம். மேரிலாந்தில் ஒருவர் ஒரு சொட்டு பயோடீசல்கூடத் தயாரிக்காமல் 3 கோடிக்கும் அதிகமான எண்களை விற்று 90 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். வீட்டு வாசலில் வரிசைகட்டி நின்ற சொகுசுக் கார்களைப் பற்றி வந்த புகார்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. 2013-ல் 12 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. எண்ணுக்கு மதிப்பு வைத்து, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆலையை யாரும் நேரில் போய்ப் பார்க்காத முறைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

ஐரோப்பிய முறையின் அடிப்படையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தடம் பற்றுவது என்றால் அதே எண்ணெய்த் துளியைப் பின்தொடர்வது அல்ல. ‘நிறைச் சமன்’ என்ற கணக்கு. ஊரார் எல்லோருடைய நெல்லும் ஒரே அரவை மில்லில் கலந்துபோனாலும், ஒவ்வொருவரும் கொடுத்த நெல்லுக்கு ஏற்ற அரிசியைத்தானே வாங்கிப்போக முடியும்? அதேபோல் தொட்டியில் எல்லாம் கலக்கலாம். உள்ளே வந்த சான்றுபெற்ற அளவைவிட, சான்றோடு வெளியே போகும் அளவு கூடக் கூடாது. இந்தக் கணக்கை ஒவ்வொரு கைமாற்றத்திலும் பதிய, 2024-லிருந்து ஐரோப்பிய ஒன்றிய அளவிலான தரவுத்தளம் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பயிராக இருந்தால் அது விளைந்த நிலம் 2008 ஜனவரியில் காடாகவோ கரிச் சதுப்பாகவோ இருந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

கணக்கு முறையில் குறை இல்லை. தொடங்கும் இடத்தில்தான் ஓட்டை. சிறு உணவகங்களை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்ய முடியாது என்பதால், உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமே முதல் ஆவணமாகிறது. மாதிரிக்குச் சிலரை மட்டும் நேரில் பார்ப்பார்கள். தணிக்கையாளருக்குக் கட்டணம் கொடுப்பதோ தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே. முதல் கண்ணி ஒரு கையெழுத்தாக மட்டும் இருக்கும்வரை, அதற்கு மேல் எத்தனை தரவுத்தளம் கட்டினாலும் அது அந்தக் கையெழுத்தின் நேர்மைக்கு மேல் உயராது.

இனி எத்தனாலுக்கு வருவோம். 20% எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் அறிமுகப்படுத்தியது 2023 பிப்ரவரி 6 அன்று, பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில். 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 84 பெட்ரோல் பங்குகளில் தொடங்கியது. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை 2025-லேயே எட்டிவிட்டோம். இவ்வளவு வேகமாக வளர்ந்த திட்டத்தில், எரிபொருளுக்கான பயிர் எங்கே, எப்படி விளைந்தது என்று கேட்கும் விதி ஒன்றுகூட இல்லை. எத்தனாலுக்கான ஐஎஸ் 15464, பயோடீசலுக்கான ஐஎஸ் 15607 ஆகிய தரநிலைகள் ஈரப்பதம், அமிலத்தன்மை, தூய்மை போன்றவற்றையே கேட்கின்றன. அவை இஞ்சினின் நலத்துக்கானவை. எந்த வயல், எந்தத் தண்ணீர் என்று அவை கேட்பதில்லை.

ஆனால், மூலப்பொருளைப் பின்தொடர நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விலைக்காக அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். 2024-25 எத்தனால் ஆண்டில், சர்க்கரை முழுதும் பிழிந்தெடுத்த சி-கனப் பாகிலிருந்து வந்த எத்தனால் லிட்டர் 57.97 ரூபாய், சர்க்கரை மிச்சமுள்ள பி-கனப் பாகு என்றால் 60.73, நேரடிக் கரும்புச் சாறு என்றால் 65.61, மக்காச்சோளம் என்றால் 71.86. ஒரே எத்தனால், நான்கு விலை. எதிலிருந்து வந்தது என்று வடிசாலை சொல்வதை எண்ணெய் நிறுவனம் ஏற்றுக்கொண்டு பணம் தருகிறது. பணத்துக்காகக் கேட்கும் கேள்வியை மண்ணுக்காகவும் தண்ணீருக்காகவும் கேட்பதில் என்ன தடை?

கேட்டிருந்தால் கர்நாடகத்தில் சில விஷயங்கள் இன்னும் தெளிவாகியிருக்கும். 2025-26 பருவத்துக்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய். 2025 நவம்பரில் வட கர்நாடகச் சந்தைகளில் 2,000-க்கும் கீழே விலை சரிந்து உழவர்கள் சாலைக்கு வந்தார்கள். மக்காச்சோள எத்தனாலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குச் சொல்லப்பட்ட நியாயமே உழவருக்கு நல்ல விலை போய்ச் சேர வேண்டும் என்பதுதான். போய்ச் சேர்ந்ததா? வடிசாலை எந்த மண்டியில், எந்த உழவரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்ற பதிவு பொதுவெளியில் இருந்தால் பதில் ஒரே நாளில் தெரியும். பதிவு இல்லாததால் மாநில அரசும் மத்திய அரசும் ஒன்றையொன்று குற்றம்சாட்டிக்கொண்டன. மூட்டைகள் மண்டியில் கிடந்தன.

அரிசிக் கணக்கும் இதே தன்மையது. 2023 ஜூனில் மத்திய அரசு வெளிச்சந்தைத் திட்டத்தில் மாநில அரசுகளுக்கு அரிசி விற்பதை நிறுத்தியபோது, அன்னபாக்யா இலவச அரிசித் திட்டத்தின் கூடுதல் 5 கிலோவுக்குப் பதிலாக கர்நாடகம் தலைக்கு 170 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்க வேண்டிவந்தது. பிறகு 2024-25 எத்தனால் ஆண்டுக்கு இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசி வடிசாலைகளுக்குக் கிலோ 22.50 ரூபாய் விலையில் ஒதுக்கப்பட்டது. கிடங்கு நிரம்பியிருந்தது என்ற விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், உண்ணத்தக்க அரிசி எவ்வளவு எரிபொருளானது என்பது ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் எழுதி ஒட்டத்தக்க செய்தி. வண்டிக்கு எண்ணெய் போடுகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் பாதைவரைபடமே, கரும்பு வழியில் வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டது. மண்டியாவின் கரும்பு காவிரித் தண்ணீரில் விளைகிறது; பெலகாவி, பாகல்கோட்டையின் கரும்பு கிருஷ்ணா படுகையில். 2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடங்களோடு மக்கள் டேங்கருக்குக் காத்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். காவிரியில் ஒரு டிஎம்சிக்காக இரு மாநிலங்கள் உச்ச நீதிமன்றப் படியேறும் நாட்டில், அந்தத் தண்ணீர் எவ்வளவு எரிபொருளாகிறது என்பதற்கு வயல் வாரியான கணக்கு இல்லை. ஐரோப்பிய விதியை அப்படியே பெயர்த்து வைத்தாலும் இந்தக் குறை தீராது. அதன் மையக் கேள்விகள் பசுங்குடில் வாயுவும் காடும். நம் மண்ணுக்கான விதியில் தண்ணீர் முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

பசுமை என்ற பெயரில் சரிபார்க்காமல் ஓடியதன் விலையைத் தமிழ்நாட்டு உழவர்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள். பயோடீசலுக்கான காட்டாமணக்கு தரிசில் தானாக வளரும், தண்ணீர் வேண்டாம், எண்ணெய் கொட்டும் என்று சொல்லிப் பரப்பப்பட்டது. ஆய்வாளர்கள் பெரே அரிசா-மொன்டோபியோவும் ஷரத்சந்திர லேலேவும் கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் கள ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்ட கட்டுரை வேறு உண்மையைச் சொன்னது: விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி உள்ளவருக்கே ஓரளவு வாய்ப்பு, ஏழை உழவர்களை அது மேலும் ஏழையாக்கியது. வயலில் என்ன நடக்கிறது என்று பருவம்தோறும் பதிவு இருந்திருந்தால், ஒரு ஆய்வுக் கட்டுரைக்காக அந்த மக்கள் காத்திருக்க வேண்டியிருக்காது.

மறுபுறம், கர்நாடகம் அமைதியான இன்னொரு வழியையும் முயன்றது. பெங்களூரின் சாலையோரங்களில் நிழல் தரும் ஹொங்கே, நம் புங்கமரம். 1990-களின் இறுதியில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, கக்கனஹள்ளி என்ற கிராமத்தில் ஹொங்கே எண்ணெயிலேயே ஜெனரேட்டரை ஓட்டித் தண்ணீர் இறைத்துக் காட்டினார். பிறகு வேளாண் பல்கலைக்கழகம் ஹாசனை அடுத்த மடேனூரில் உயிரி எரிபொருள் பூங்கா அமைத்து, வரப்பிலும் வேலியிலும் நிற்கும் புங்கம், வேம்பு, இலுப்பை விதைகளைச் சேகரிக்கும் கிராமக் குழுக்களை உருவாக்கியது. விளைநிலத்தைத் தொடாத, பாசனம் கேட்காத எரிபொருள் இது. ஆனால், ஒரு பெண் ஒரு பருவத்தில் பொறுக்கும் சில மூட்டைப் புங்கவிதைக்குச் சர்வதேசச் சான்றிதழ் வாங்குவது நடக்காத காரியம். தணிக்கைக் கட்டணம் விதையின் விலையைத் தின்றுவிடும். விதி எழுதுகிறவர்கள் இதை மறந்தால், உண்மையிலேயே பசுமையான எரிபொருள் சந்தைக்கு வெளியே நிற்கும். காகிதம் தயாரிக்கத் தெரிந்த பெரிய ஆலை உள்ளே வந்துவிடும்.

சிறியவர்களை விட்டுவிடாமல் தடம் பற்ற முடியுமா? பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காபி வாரியம் அதை இப்போது செய்து பார்க்கிறது. ஐரோப்பாவின் காடழிப்புத் தடுப்பு விதிக்காகக் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் தோட்டக்காரர்களின் நிலங்களைத் தன் செயலியில் இடக்குறியீட்டோடு பதிந்துவருகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் செலவு செய்யாமல், பொதுத்துறை அமைப்பே பதிவை ஏற்றுக்கொள்வது இதிலுள்ள நல்ல அம்சம். உயிரி எரிபொருளுக்கும் இந்த வழிதான் பொருந்தும். கர்நாடகத்துக்கு இது எளிதும்கூட. நில ஆவணங்கள் ‘பூமி’ திட்டத்தில் கணினியில் இருக்கின்றன. ‘ஃப்ரூட்ஸ்’ தரவுத்தளத்தில் ஒவ்வொரு உழவருக்கும் ஒரு எண் உண்டு. ஆதரவு விலைக் கொள்முதலுக்கு அந்த எண்தான் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று செல்பேசிச் செயலி வழியே பயிர்க் கணக்கெடுப்பு நடக்கிறது. செயற்கைக்கோள் படங்களுக்கு மாநிலத் தொலையுணர்வு மையம் பெங்களூரிலேயே இருக்கிறது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தரும் உழவரின் பெயரும் எடையும் ஆலையின் கணினியில் ஏற்கெனவே பதிவாகின்றன. இவை தனித்தனித் துறைகளில் கிடக்கின்றன. இணைக்கும் அரசாணை ஒன்று போதும்.

நகரத்துப் பழைய எண்ணெய்க்கு, 50 லிட்டர் வரம்பைக் குறைத்து, உணவு உரிம எண்ணோடு இணைந்த மின்சீட்டைக் கட்டாயமாக்கலாம். உணவகம் மாதம் வாங்கிய எண்ணெயின் ஜிஎஸ்டி கணக்கு அரசிடம் இருக்கிறது. வாங்கியதைவிடக் கழித்தது கூடினால் அங்கேயே பிடிபட்டுவிடும். சேகரிப்பாளர் பீப்பாயை ஏற்றும்போது எடையோடு துருவச் சேர்ம அளவையும் அதே சீட்டில் பதிய வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்குப் படிவம் வேண்டாம். வட்டாரத்துக்கு ஒரு சேகரிப்பு மையமும், கழித்த எண்ணெய்க்குக் கையில் ரொக்கமும் கொடுத்தால் அவரே கொண்டுவந்து தருவார். தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்கக் கூடாது. மாநில உயிரி எரிசக்தி மேம்பாட்டு வாரியம் சுழற்சி முறையில் அனுப்பி, கட்டணத்தைப் பொது நிதியிலிருந்து தரட்டும். அறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி கன்னடத்தில் வெளியாகட்டும்.

எத்தனால் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே எண்ணெய் நிறுவனங்கள் வடிசாலைகளிடம் ஒப்பந்தப்புள்ளி கேட்கும். மூலப்பொருள் எது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் மூன்றைச் சேர்க்க வேண்டும்: எந்த உழவர் எண், எந்த நீர் ஆதாரம், உழவருக்குக் கொடுத்த விலை என்ன. அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.